பவளமல்லியில் கட்டிய மஞ்சள் துண்டு

1

குடிநுழைவு இலாகாவின் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி என் கோப்பைப் புரட்டிவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பத்தொன்பது வருஷமாக அதைத்தான் சொல்லி வந்தேன். போன நவம்பரில் என்னவோ வாய் சும்மா இருக்கவில்லை. பூக்களைப் படம் பிடிக்கிறேன் என்று சொல்ல நினைத்து, படத்தை விட்டுவிட்டு, பூக்களைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திருடனைப் பிடிக்கிற பிடிப்பு அது. அதிகாரி சிரித்தார். பக்கத்தில் நின்ற என் கணவர் சேகர் சிரிக்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நான் மானாமதுரைக்காரி. ஈப்போவில் பிறந்து வளர்ந்த சேகரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். வருஷா வருஷம் என் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு அவரும் கூட வந்து, இவள் இன்னும் என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தாலும் அன்று அவரைக் கொஞ்சம் தாங்கிப் பேசுவேன். நிரந்தரமாக இருக்க விடுங்கள் என்று ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

கோப்பை மூடும்போது அதிகாரி சொன்னார்: "மனு மேலே போயிருக்கிறது. எந்த வம்பிலும் பெயர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." எல்லோருக்கும் சொல்கிற வார்த்தையாகத்தான் இருக்கும். நான் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, சோற்றோடு பிசைந்து தின்றேன். எனக்குப் பயப்படுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அதனால்தான் இந்தக் குறிப்பில் வரும் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. கோப்பெங் போகிற வழியில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் அப்படி நிறையத் தோட்டங்கள் இருக்கின்றன.

2

கேமரா என்னுடையது இல்லை. என் மகள் தர்ஷினி பள்ளிக்கூட மன்றத்துக்கென்று அடம்பிடித்து வாங்கினாள். மூன்று மாதத்தில் அலுத்துப்போய் அலமாரியில் போட்டுவிட்டாள். வாங்கின சாமான் வீணாகிறதே என்ற வயிற்றெரிச்சலில் நான் எடுத்தேன்.

ஒருநாள் கோப்பெங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சேகர் வழியைத் தவறவிட்டு ஒரு பழைய தோட்டத்துச் சாலைக்குள் காரை விட்டுவிட்டார். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, அதையும் வெட்டிப் போட்ட பொட்டல். நடுவில் எட்டு செம்பருத்திகள், சம இடைவெளி விட்டு, நேர்வரிசையில், சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றன. யார் இங்கே வந்து வரிசையாகச் செடி நட்டார்கள் என்று கேட்டேன்.

"லயம் இருந்த எடம்லா. வீட்டுக்கு ஒண்ணு வெச்சிருப்பாங்க. வீட்ட இடிச்சிட்டாங்க, செடிய விட்டுட்டாங்க" என்றார் சேகர். லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள்; 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால்.

அன்று ஆரம்பித்த பைத்தியம். தோட்டத்து மக்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், வீடுகள் தரைமட்டம், ஆனால் வாசல் செடிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை மட்டும், ஆள் இல்லாமல், பூவும் இலையுமாக எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். நாலு வருஷத்தில் பேராக் மாநிலத்தில் சித்தியவான் வரைக்கும் அலைந்திருக்கிறேன். செடியைப் பார்த்தாலே வீட்டின் அமைப்பு எனக்குத் தெரியும் இப்போது. துளசி, செம்பருத்தி, நந்தியாவட்டை இருந்தால் முன்வாசல். கறிவேப்பிலை, செரை என்கிற எலுமிச்சைப்புல், வாழை இருந்தால் பாத்திரம் கழுவின தண்ணீர் போன பக்கம். மருதாணி இருந்தால் அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் இருந்தவரை எனக்கு ஒரு செடியும் தெரியாது. மானாமதுரையில் நாங்கள் இருந்தது கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே வாடகை வீடு. வாசல் என்றால் மாடிப்படி. பூவை எனக்கு முழத்தில்தான் தெரியும், செடியில் தெரியாது. இங்கே உள்ளவர்கள் நான் ஊரிலிருந்து வந்தவள் என்பதால் செடி, சாமி, சடங்கு எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுத்தால் அடக்கம் என்கிறார்கள். இந்த நம்பிக்கை பின்னால் என் தலையில் வந்து விடிந்தது.

ஈப்போ பழைய நகரத்தில் காப்பிக் கடையும் படக்கூடமும் சேர்த்து நடத்தும் ஒரு சீனப் பெண், தைப்பூசம் முடிந்த கையோடு என் படங்களை மாட்ட ஒத்துக்கொண்டாள். படத்துக்குக் கீழே வைக்கும் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லித் தர்ஷினியைக் கேட்டேன்.

"இங்கிலீஷ்ல எழுதித் தரேன் மா, மலாய்லயும் எழுதித் தரேன். தமிழ் எனக்கு ஸ்லோவா வரும்லா."

"ஸ்லோவாவே எழுது. இன்னும் நாள் இருக்கு."

"தேர்வுக்கே தமிழ் எடுக்கலயே மா, இதுக்கு எப்படி எழுதுறது?"

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. பள்ளி இறுதியான படிவம் ஐந்துத் தேர்வில் தமிழ்ப் பாடத்தை அவள் விட்டுவிட்டாள். அப்பாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். நான் அப்போது சேகரின் மஞ்சள் துண்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பருத்தித் துண்டு. இஸ்திரிப் பெட்டியை அப்படியே துண்டின் மேல் வைத்துவிட்டு அவளைத் திட்டினேன். பெட்டியின் முனை பதிந்து, துண்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு தடம் விழுந்துவிட்டது. சேகர் பார்த்தால் வருத்தப்படுவார் என்று அதை மடித்து என் கேமராப் பைக்குள் செருகிவிட்டேன். இந்தத் தடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

லெட்சுமி அக்காவை அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பார்த்தேன். பெயர் சொல்லாத அந்தத் தோட்டத்தில் ஒரு பவளமல்லி இருந்தது. இடிந்த வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதன் ஓரத்தில் தலைக்கு மேல் வளர்ந்த மரம். விடிகிற நேரம், வெள்ளைப் பூவெல்லாம் ஆரஞ்சுக் காம்போடு அந்தச் சிவப்புத் தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. நாலு வருஷத்தில் அப்படி ஒரு படம் கிடைத்ததில்லை.

மரத்தில் மிச்சமிருந்த பூவைத் தனியாக எடுக்க, பின்னால் ஒரு கறுப்புத் துணியை இரண்டு கிளைகளுக்கு நடுவே துணி கிளிப்பால் மாட்டினேன். பின்னணி இருட்டாக இருந்தால் வெள்ளைப் பூ துலங்கும். அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"யாருலா அது? கருப்புத் துணி கட்டுறது? எழவு வீடா இது?"

அறுபதை நெருங்கும் ஒரு பெண், தலையில் ஹெல்மெட்டோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். நான் பதறிப்போய்த் துணியைக் கழற்றினேன். மன்னிப்புக் கேட்டேன். என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"ஊருலேர்ந்து வந்தவங்களா? ஊருக்காரங்களே இப்படிக் கட்டுனா நாங்க என்னாத்த சொல்றது?"

அவர்தான் லெட்சுமி அக்கா. அந்தச் சிமெண்டுத் தரை அவர் வீடு. இருபத்தெட்டு வருஷம் அந்தத் தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் சீவியவர். இப்போது கோப்பெங்கில் மலிவு விலை அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார், ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கீழே விழுந்த பூக்களைக் குனிந்து பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போவார். கீழே விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்றுதான் நான் அறிந்திருந்தேன். அதைக் கேட்டேன்.

"இது ஒண்ணுதான் விழுந்தாலும் சாமிக்கு ஆகும். அது கூடத் தெரியாதா உங்களுக்கு?" என்றார். பிறகு, "அடுத்த தடவ மங்கலமா ஒரு துணி கொண்டாங்க" என்றார்.

தைப்பூசத்துக்கு அப்புறம் இந்த இடத்தைச் சமப்படுத்தி வீடு கட்டப்போகிறார்கள் என்றும் சொன்னார். மரத்தைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

4

மங்கலமான துணி என்றால் என் பையில் இருந்த மஞ்சள் துண்டுதான். டிசம்பர் முதல் வாரத்தில் அதை மாட்டி எடுத்தேன். கறுப்பைவிட நன்றாகவே வந்தது. ஆரஞ்சுக் காம்பு அந்த மஞ்சளில் அப்படியே உருகி நின்றது. ஓரத்தில் இஸ்திரித் தடம் தெரிந்தாலும் பரவாயில்லை என்று முப்பது நாற்பது படம் எடுத்தேன்.

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை உங்களுக்குத் தெரியாது. யோசிக்க விடாது. கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் துண்டை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் போனேன். துண்டு இருந்தது. நான் மாட்டிய இடத்தில் இல்லை. தாழ்ந்த ஒரு கிளையில், தேங்காய் அளவுக்கு உருண்டையாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. நம் ஆட்கள் வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் தேங்காய் முடிந்து கட்டுவார்களே, அதே மாதிரி. மேலே குங்குமம். கீழே எலுமிச்சம்பழமும் சூடம் எரிந்த கரியும். இஸ்திரித் தடம் உருண்டையின் முன்பக்கத்தில், நட்டநடுவில், கூர்முனை மேலே பார்க்க இருந்தது.

பழைய மண்டோர் காளியப்பன் அண்ணன் அங்கே நின்றிருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் காவலாளி. லெட்சுமி அக்கா என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார் போல, என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வாங்கம்மா. நீங்க ஊருலேர்ந்து வந்தவங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க. துணியில வேல் விழுந்திருக்கு. தைப்பூசம் வர்ற நேரத்துல!"

பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் முனை வேல் மாதிரிதான் இருக்கிறது. பத்தொன்பது வருஷம் இஸ்திரி போட்டும் எனக்கு அது தோன்றியதில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே" என்றேன். சத்தியமான வார்த்தை. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

5

அதன் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

வேல் விழுந்த துண்டின் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. சேகரின் அலுவலக நண்பர்கள் குழுவுக்கும் வந்தது. அவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், தன் இடுப்புத் துண்டு என்று தெரியாமல். எனக்கும் அனுப்பினார். கீழே மூன்று கும்பிடு கைகள்.

தர்ஷினி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மா. இது அப்பா துண்டுலா. நீங்க என்னையத் திட்டிக்கிட்டே கரிச்சீங்களே, அது!"

அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கைக்குள்ளேயே சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்துக்கொண்டோம். அந்தச் சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடவில்லை என் பயம்.

ஜனவரியில் மரத்தடியில் ஒரு தகரக் கூரை வந்துவிட்டது. ஒரு சின்ன வேலும் உண்டியலும் வந்தன. காளியப்பன் அண்ணன் வேலை முடிந்து வந்து தினமும் விளக்கேற்றினார். மண் வெட்டும் இயந்திரம் தைப்பூசத்துக்கு முன்பே ஒருநாள் வந்தது. அதை ஓட்டி வந்த மலாய்க்காரப் பையன் மஞ்சள் உருண்டையும் வேலும் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் வேறு பக்கம் தோண்டுகிறேன், இதைத் தொட மாட்டேன் என்று இயந்திரத்தைத் திருப்பிவிட்டான். மறுநாள் வீடு கட்டும் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர் வந்து, இதை முதலில் கட்டியது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். வெளியாள் யாராவது வந்து அத்துமீறிக் கோயில் கட்டினால் போலீசில் புகார் கொடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

வெளியாள். அந்தச் சொல்லைக் காளியப்பன் அண்ணன் என்னிடம் சாதாரணமாகத்தான் திருப்பிச் சொன்னார். "யாரும் கட்டல, தானா வந்துச்சின்னு சொல்லிட்டேன்மா" என்று பெருமையாக முடித்தார். எனக்கு அந்த அதிகாரியின் முகம் கண்முன்னே வந்தது. மேலே போயிருக்கிற என் மனுவில், இன்னாருடைய துண்டு, இன்னார் கட்டிய சாமி என்று ஒரு தாள் போய்ச் சேருவது போலத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

உண்மையைச் சொன்னால் மரம் போய்விடும். சொல்லாவிட்டால் கும்பிடுகிறவர்களை ஏமாற்றுகிறேன். சேகரையும் சேர்த்து.

6

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் காப்பிக் கடைப் பெண் கூப்பிட்டாள். சுவரொட்டிக்குப் படம் தேர்ந்தெடுத்துவிட்டாளாம். நான் அனுப்பியதில் அதுதான் உயிரோடு இருக்கிறதாம். மஞ்சள் பின்னணியில் பவளமல்லி.

கணினியில் அதைப் பெரிதாக்கினேன். இரண்டு நீலத் துணி கிளிப்புகள், விரித்துத் தொங்கும் துண்டு, ஓரத்தில் என் இஸ்திரித் தடம். இது நகரம் முழுக்க ஒட்டப்பட்டால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஞாயிறு காலை நேராகக் கோப்பெங்குக்கு, லெட்சுமி அக்காவின் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் மரத்துக்காரரிடம் சொல்வதுதான் நியாயம்.

"வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று தேநீர் கலந்து கொடுத்தார். நான் குடிக்காமலே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த மஞ்சத் துண்டு என்னோடது. மறந்து விட்டுட்டு வந்தேன். அது வேல் இல்ல, நான் இஸ்திரி போட்டுக் கரிச்சது."

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"யாருகிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் மகளுக்கு மட்டும் தெரியும்."

"அதுக்குள்ள தேங்கா இல்லலா."

"பின்ன?"

"மண்ணு."

எனக்குப் புரியவில்லை. அவர் என் எதிரில் உட்கார்ந்து, தன் கட்டைவிரலைக் கிளை மாதிரி நிமிர்த்தி, மற்றக் கை நகத்தால் அதைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டினார். கிளையின் பட்டையை ஒரு வளையமாகச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செம்மண்ணும் தேங்காய் மட்டைத் தூளும் குழைத்துப் பொதிந்து கட்டினால், இரண்டு மாதத்தில் அதற்குள் வேர் பிடிக்கும். பிறகு அதற்குக் கீழே வெட்டிக் கொண்டுபோய் நடலாம். பதியம் போடுவது.

"குச்சியா வெட்டி நாலு தடவ நட்டுப் பாத்தேன். நாலும் காஞ்சிபோச்சி. பட்டை சீவுறது எனக்குக் கை வந்த வேலதானே. உள்ள மரத்துல கத்தி படக்கூடாது, பட்டா மரம் அழுவும். அன்னைக்குச் சீவி மண்ணும் வெச்சிட்டேன், கொண்டாந்த பிளாஸ்டிக் பத்தல. உங்க துணி அங்க தொங்கிக்கிட்டு இருந்துச்சி. நீங்க வர்றப்ப கேட்டுக்கலாம்னு எடுத்துச் சுத்திட்டேன். மறுநாளே காளியப்பன் அண்ணன் குங்குமம் வெச்சிட்டாரு."

"நீங்க சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா சாமி போயிரும். சாமி போனா மிஷின் வந்துரும்லா."

அவரும் ஒன்றரை மாதமாக என்னைப் போலவே தூங்காமல் கிடந்திருக்கிறார். பூ பொறுக்கப் போகிறபோதெல்லாம் கும்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சீக்கிரமே வந்துவிடுவாராம்.

ஒரு செடிக்காக இவ்வளவா என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"சித்தியவான் பக்கம் வேலைக்குப் போயிருந்தப்ப, பால் டின்னுல வெச்சி சைக்கிள்ல கொண்டாந்தாரு எங்க வீட்டுக்காரரு. அவரு எனக்குக் குடுத்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு தாலி. அது அவரோட போச்சி. இன்னொண்ணு இதுதான்."

ஆறின தேநீரைக் குடித்தேன். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டேன்.

"இப்ப வெட்டுனா செத்துரும். பூசம் தாண்டட்டும்."

திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திக் காப்பிக் கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பவளமல்லி வேண்டாம், சுவரொட்டிக்கு எட்டு செம்பருத்தியைப் போடு என்றேன். காரணம் கேட்டாள். படம் சரியில்லை என்றேன். என் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல படத்தைச் சரியில்லை என்று சொன்னது அப்போது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

7

தைப்பூசத்தன்று சேகர் புதுத் துண்டு கட்டிக்கொண்டு பால்குடம் எடுத்தார். பழைய துண்டை எங்கே வைத்தாய் என்று இரண்டு தடவை கேட்டார். தேடுகிறேன் என்று இரண்டு தடவை பொய் சொன்னேன். வெயிலில் அவருக்குப் பின்னால் தண்ணீர்ப் புட்டியோடு நடக்கும்போது, முருகா, உன் பேரில் நடக்கிற இந்தக் கூத்தை நீயே பார்த்து முடித்து வை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு விடியலில் நானும் அக்காவும் மரத்தடிக்குப் போனோம். மேற்பார்வையாளர் மறுநாள் நில அலுவலக ஆட்களோடு வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. அக்கா உருண்டையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். துண்டின் இழைகளைத் துளைத்துக்கொண்டு நூல் நூலாக வெள்ளை வேர் வெளியே வந்திருந்தது.

அவர் உடனே வெட்டவில்லை. சூடம் ஏற்றினார். வேலுக்கு முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "முருகா, உன் பேரச் சொல்லி ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். கோவிச்சிக்காத."

பிறகு சின்னக் கத்தியால் உருண்டைக்குக் கீழே வெட்டினார். துண்டை மெதுவாகப் பிரித்து, வேரோடு இருந்த மண்ணை ஈரச் சாக்கில் பொதிந்து என் கையில் கொடுத்தார். துண்டைத் தண்ணீர் விட்டு அலசினார். தன் பையிலிருந்து மட்டை உரித்து மஞ்சள் பூசிய ஒரு தேங்காயை எடுத்தார். அதைத் துண்டில் வைத்து, இஸ்திரித் தடம் வெளியே தெரிய முடிந்து, பக்கத்துக் கிளையில் கட்டினார். குங்குமம் வைத்தார்.

"இப்ப உள்ள தேங்கா இருக்கு" என்றார்.

நான் கேமராவை எடுத்துப் போயிருந்தேன். பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

காரில் ஏறியதும் கோப்பெங் பக்கம் திருப்பினேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"உங்க வீட்டுக்குப் போங்க. எங்க மாடியில பூச்சட்டி வெக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிருக்காங்க. அங்க மண்ணு ஏது? நீங்கதான் ஜாகா பண்ணிப் பாத்துக்கணும்."

எனக்குப் பகீரென்றது. குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்புறம் முழுக்கச் சிமெண்டு. என்னிடம் இருக்கும் நாலு செடியும் சட்டியில்தான் இருக்கின்றன. பத்தொன்பது வருஷத்தில் தரையில் ஒன்றும் நட்டதில்லை. நட்டால் விட்டுவிட்டுப் போகத்தானே வேண்டும் என்று ஒரு எண்ணம். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "எனக்கு வருஷத்துக்கு வருஷம்தான் அனுமதி அக்கா. நாளைக்கே போன்னு சொல்லிட்டா இத என்ன செய்றது?"

அவர் மடியில் இருந்த சாக்குப் பொதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் இந்த நாட்டுலயே பொறந்தவ. என்னையும்தான் போன்னு சொன்னாங்க. அதுக்காக நான் நடாமயா இருந்தேன்?"

காரைக் குனோங் ராபாட்டுக்குத் திருப்பினேன்.

சிமெண்டை உடைக்க வேண்டும் என்றால் சேகரிடம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, தடம், மண், தேங்காய். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் கும்பிட்டது என் துண்டையா?" என்றார். பிறகு எழுந்து, "சரி, கும்பிட்டது கும்பிட்டதுதான்" என்று சொல்லிவிட்டு உளியும் சுத்தியலும் தேடப் போனார். தர்ஷினி கேமராவை எடுத்து அவர் சிமெண்டை உடைப்பதை வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். அக்கா குழிக்குள் இறங்கிக் கைகளால் மண்ணை அள்ளிப் போட்டார்.

கண்காட்சி நடந்து முடிந்தது. எட்டு செம்பருத்தியைப் பார்த்துவிட்டு, இது எங்கள் லயம் என்று இரண்டு பேர் அழுதார்கள். பவளமல்லிப் படம் இன்னும் கணினியில் இருக்கிறது. தோட்டத்து மரம் இதை எழுதும் இன்று வரைக்கும் நிற்கிறது. நில அலுவலக ஆட்கள் அளந்துகொண்டு போனார்கள், முடிவு சொல்லவில்லை. காளியப்பன் அண்ணன் விளக்கேற்றுகிறார்.

எங்கள் வாசல் செடி முதல் வாரம் இலையெல்லாம் கொட்டிவிட்டது. நான் தினமும் அக்காவுக்குப் போன் போட்டு அழாத குறை. தண்ணி ஊத்துங்க, தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க என்றார். முந்தாநாள் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. நேற்று அது கொஞ்சம் பெரிதானது போல இருந்தது. இன்றும் போய்ப் பார்த்தேன்.

வருகிற நவம்பரில் மறுபடி அதே கவுண்டருக்குப் போக வேண்டும். வழக்கமாக, அனுப்பிவிட்டால் நான் எங்கே போவேன் என்று பயப்படுவேன். இந்த வருஷம், அனுப்பிவிட்டால் இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பயமாக இருக்கிறது. தர்ஷினியிடம் இப்போதே சொல்லி வைத்தேன், நான் இல்லாவிட்டால் காலையில் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை என்று.

"ஊத்துறேன் மா. ஆனா நீங்க எங்கயும் போமாட்டீங்கலா" என்றாள் அவள், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.